ஒரே ஒரு மா

கோடியக்கரைக்கா சார்? பறவை பாக்கவா? கழுத்துல அந்தக் கண்ணாடி தொங்குதே, அதப் பாத்துதான் கேட்டேன். போங்க, போங்க. தை மாசந்தான் எல்லாம் வந்து எறங்கியிருக்கும்னு சொல்லுவாங்க. நான் இந்தப் பக்கமே பொறந்து வளந்தவன், ஒரு தடவகூடப் போயி நின்னு பாத்ததில்ல. வானத்தப் பாத்தா எங்களுக்கு மேகம் ஒண்ணுதான் கண்ணுக்குத் தெரியும். இப்பப் பாருங்க, கெழக்கால எப்படிக் கறுத்துக்கிட்டு நிக்குதுன்னு. நேத்துப் பேஞ்சது பத்தலபோலருக்கு.

நான் புங்கடில எறங்கணும். இன்னும் நேரம் கெடக்கு. என் தங்கச்சி ஊரு. அங்க எறங்குறதுக்கு முன்னாடி ஒண்ணச் சொல்லணும் சார். யாருகிட்டயாவது சொன்னாத்தான் தேவலாம். நீங்க வெளியூரு, கேட்டுட்டுப் போயிருவீங்க. எங்க ஊருக்காரன்கிட்ட சொன்னா அடுத்த வேளைக்குள்ள டீக்கடையில பேச்சா இருக்கும்.

என் பேரு கலியபெருமாள். நீடாமங்கலத்துக்கு இந்தாண்ட ஒரு சின்ன ஊரு. அறுப்பு மெஷின் வச்சிருக்கேன். பெல்ட் மெஷின். டயருக்குப் பதிலா ரெண்டு பக்கமும் பெரிய ரப்பர் பெல்ட்டு சுத்தும், பாத்திருப்பீங்க. எங்க வயலெல்லாம் தண்ணி வடியாத சேறு. டயரு மெஷின் எறங்குனா அப்படியே குந்திக்கும். இது யானை மாதிரிப் போவும். ஆனா ஒண்ணு, தார் ரோட்டுல ஓட்ட முடியாது. ஜல்லி பெல்ட்டத் தின்னுபுடும். முழங்கா சேத்துல அந்தப் போக்குப் போற மெஷின, பக்கத்து ஊருக்குக் கொண்டு போவணும்னா பச்சப்புள்ள மாதிரித் தூக்கிக்கிட்டுத்தான் போவணும். லாரி புடிக்கணும். ஒரு மேடு பாக்கணும், வாய்க்கா கரையோ களத்து மேடோ. அதுல லாரியப் பின்னாடி ஒட்டி நிறுத்தி, பலகை போட்டு, மெஷின மெல்ல நடத்தி ஏத்தணும். அப்பறம் மேல ஒரு ஆளு மூங்கிக் கழியோட நின்னுக்கிட்டே வரணும். தெருவுக்குத் தெரு கரண்ட் கம்பி தாழத் தொங்குது பாருங்க, அதத் தூக்கி விட. அறுக்குறது ஒரு வேலையே இல்ல சார். எடம் மாத்துறதுதான் உசுரு போற வேலை. இத யாரும் புரிஞ்சுக்க மாட்டேங்கறாங்க.

எனக்கு ஒரே தங்கச்சி. தையல்நாயகி. நாயகின்னுதான் கூப்புடுவோம். புங்கடில குடுத்திருக்கு. மாப்பிள்ளை உத்திராபதி நல்ல பாடுபாட்டுக்காரரு. போன ஆடில தென்னமரத்துல ஏறி, வழுக்கி உழுந்து இடுப்பு போச்சு. இன்னும் படுக்கைதான். தடி ஊனி வாசலு வரைக்கும் வருவாரு, அவ்வளவுதான். குத்தகை நெலம் எட்டு மா. மூணு மா சேந்தா ஒரு ஏக்கரு சார், எங்க பக்கத்துக் கணக்கு. அந்த எட்டு மாவையும் இந்த வருசம் அவ ஒருத்தியா நின்னு சம்பா போட்டா. நாத்து விட்டது, நட்டது, களை பறிச்சது, ராவுல தண்ணி கட்டுனது, எல்லாம் அவதான். நெலத்துக்காரரு சொல்லிட்டாராம். ஒம் புருசன் கெடக்கான், பொம்பள என்னா பண்ணப்போற, இந்தத் தடவ நெல்லு அளக்கலன்னா வேற ஆளுக்கு விட்டுருவேன்னு. அவளும் சரின்னு தலைய ஆட்டிட்டு வந்து வெளைய வச்சா பாருங்க, அந்தத் தெருவுலயே அப்படி ஒரு வெளைச்சல் இல்ல.

பொங்கச் சீரு கொண்டுக்கிட்டுப் போனேன். கரும்பு, மஞ்சக்கொத்து, வெங்கலப் பானை, ஒண்ணும் கொறை வைக்கல. அவ வயலப் போயிப் பாத்தேன். கதிரு தலை சாஞ்சு பழுத்து நிக்குது. அங்க வரப்புல நின்னே சொன்னேன், “நாயகி, இந்த வருசம் மொத அறுப்பு ஒனக்குத்தான். பொங்க கழிஞ்ச ஒடனே லாரில ஏத்தி நேரா இங்கதான். நடுவுல எங்கயும் எறக்க மாட்டேன்”னு. ரெண்டு கையையும் சேத்துப் புடிச்சுக்கிட்டா சார். “நீ சொன்னா போதும்ண்ணே”ன்னா.

மனசாரத்தான் சொன்னேன். இல்லன்னு யாராச்சும் சொல்லட்டும்.

காணும் பொங்கலுக்கு மறுநாளே ஏத்திட்டேன். லாரிக்காரரு ரவூப் பாய், கூத்தாநல்லூரு. என் மெஷின வருசா வருசம் அவருதான் ஏத்துவாரு. நல்லாத்தான் வந்துக்கிட்டிருந்தோம். ஆலத்தடின்னு ஒரு ஊரு, அங்க வந்தப்ப ரோட்ட மறிச்சு ஒரு கூட்டம். ரேடியோல மழை வருதுன்னு சொல்லிப்புட்டான். போற மெஷின் எதுவா இருந்தாலும் மடக்கு, மொத நம்மூர்ல அறுத்துட்டுப் போவட்டும்னு நிக்குறானுங்க. இது இங்க வழக்கம் சார். மழை வாசனை வந்துட்டா ரோட்டுல போற மெஷினு ரோட்டுக்காரனுக்குச் சொந்தம்.

ஒரு பொம்பள, இடுப்புல கொழந்தையோட, லாரிக்கு முன்னாடி வந்து உக்காந்துட்டா. “ஒரே ஒரு மாண்ணே. அறுத்துப் போட்டுட்டுப் போயிருங்க”ன்னு அழுவுறா.

ரவூப் பாய் என்னா சொன்னாரு தெரியுமா? “அண்ணே, நீங்க வண்டிய விட்டு எறங்காதீங்க. நான் போயி கையெடுத்துக் கும்புட்டு எழுப்பி விடுறேன். தங்கச்சி வயலுன்னு சொல்லுவோம், விட்டுருவாங்க. எறக்கிட்டீங்கன்னா என்னால நிக்க முடியாது, வேற ஒரு மெஷின ஏத்துறதுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்”னு. மனுசன்னா கொஞ்சம் ஈவு எரக்கம் வேணாமா சார்? வாக்காம் வாக்கு. கொழந்தையோட ஒருத்தி ரோட்டுல கெடக்குறா.

நான் எறங்கிட்டேன்.

அந்த ஊருல அரங்கநாதன்னு ஒருத்தரு, முன்னாடி தலைவரா இருந்தவரு. என்னப் பாத்தவொடனே, “ஓனரு வந்துட்டாரு, நாக்காலி கொண்டாங்கடா”ன்னாரு. துண்டு ஒண்ணு தோள்ல போத்துனாரு. மத்தியானத்துக்கு வெரால் மீனு கொழம்பு, எனக்கு மட்டும் கூடத்துல தனி எலை. அதுக்காக நான் எறக்கல. அப்படி நெனச்சுக்கப்புடாது. இருந்தாலும் சொல்றேன், எங்க வீட்டுல என்னை யாரு நாக்காலில உக்கார வைக்கிறா? என் வீட்டுக்காரி என்னப் பாத்தா, “அந்தக் கொடில கெடக்குற துணிய எடுத்துப் போடுங்க”ம்பா. ஊருக்கு ஊரு ஓனரு, வீட்டுக்கு எடுபுடி.

ஒரு மா முடிஞ்சுது. அந்தப் பொம்பள கால்ல உழுவாத கொறை. சரி ஏத்தலாம்னு திரும்புறேன், பக்கத்து வயக்காரன் வரப்புல நின்னு பாக்குறான். நிக்குறான், அவ்வளவுதான். அந்தக் கண்ணத் தாண்டி எப்படி சார் வர்றது? அவனுக்கும் ஒரே ஒரு மான்னு எறக்குனேன். அப்பறம் அவனுக்கு அடுத்தவன். ஒரு வயலுக்கும் இன்னொரு வயலுக்கும் நடுவுல முக்கா முழம் வரப்பு. அதுல போயி எங்க கோடு கிழிக்கிறது?

நாயகி அங்க நின்னிருந்தான்னா நான் கெளம்பியிருப்பேன். அவ நிக்கல. எதிர நிக்குறவனத்தானே கண்ணு பாக்கும்?

அன்னிக்கு சாயந்தரம் அவளுக்குப் போன் போட்டேன். “நாயகி, வழியில மடக்கிட்டானுங்க, நாளைக்கு வந்துருவேன்”னேன். “சரிண்ணே”ன்னா. மறுநாளும் அதே கதைதான். “சரிண்ணே.” அதுக்கும் மறுநாளு. “சரிண்ணே, நீ சாப்புட்டியா?”ன்னு கேக்குறா. இதுதான் சார் எனக்கு ஆத்தாம. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்ல? என்னாண்ணே இப்படிப் பண்றே, வயலு கொட்டிப் போவுதேன்னு ஒரு சத்தம் போட்டிருந்தான்னா, போனை அப்படியே அரங்கநாதன் காதுல வச்சிருப்பேன். கேளுங்க என் தங்கச்சி அழுவுறத, நான் போறேன்னு வந்திருப்பேன். அவ வாயத் தொறந்தாத்தானே? சின்ன வயசுலேருந்து அப்படித்தான். எங்கம்மா பலகாரம் சுட்டா எல்லாருக்கும் குடுத்துட்டு தீந்துபோச்சும்பாங்க, இவ சரிம்மான்னு எந்திரிச்சுப் போயிருவா. இந்த மாதிரி ஆளுங்களுக்கு என்னா செய்யறது, சொல்லுங்க.

ஆலத்தடி முழுக்க முடிஞ்சப்ப லாரி இல்ல. ரவூப் பாய் அன்னிக்கே சொன்ன மாதிரி போயிட்டாரு. மொத நாளு ஒரு தடவ போன் பண்ணி, “அண்ணே, ஏத்துறீங்களா, இப்பன்னா வர்றேன்”னு கேட்டாரு. நாந்தான், இந்தத் தெரு மட்டும் முடியட்டும்னேன். அதுக்கப்பறம் அவரு கெடைக்கல. சீசன்ல லாரி கெடைக்கிறது குதிரைக் கொம்பு சார். அரங்கநாதனக் கேக்கலாம்னு அலைஞ்சேன். மனுசன் வீட்டுல இல்லவே இல்ல. அறுப்பு முடிஞ்சதும் அந்த நாக்காலி எங்க போச்சுன்னே தெரியல. நான் களத்து மேட்டுலதான் துண்ட விரிச்சுப் படுத்துக் கெடந்தேன். கடைசியா செங்கல் ஏத்துற லாரி ஒண்ணக் கெஞ்சிக் கூத்தாடிக் கொண்டாந்தேன்.

ஏத்தி வந்தா, நாலு கல்லு தள்ளி மேலவாடி. அங்க ரோட்டுக்குக் குறுக்கால டிராக்டர நிறுத்தி வச்சிருக்கான். “தங்கச்சி வயலுப்பா, விட்டுருங்க”ன்னு நெசமாவே கையெடுத்துக் கும்புட்டேன். ஒருத்தன் கேட்டான், “ஆலத்தடிக்காரனுக்கு ஊரு மொத்தமும் அறுத்தப்ப இந்தத் தங்கச்சி எங்க போயிருந்துச்சு?”ன்னு. சிரிக்கிறானுங்க. செங்கல் லாரிக்காரன் பயந்தாங்கொள்ளி, அவனே பலகையப் போட்டு எறக்கி விட்டுட்டான்.

அன்னிக்கும் போன் போட்டேன். “எங்கண்ணே இருக்கே?”ன்னா. அவளா வாயத் தொறந்து கேட்டது அது ஒண்ணுதான். மேலவாடின்னு சொல்ல எனக்கு மனசு வரல. இத்தன நாளுல நாலு கல்லுதான் வந்திருக்கேன்னு எப்படிச் சொல்றது? “திருத்துறைப்பூண்டி தாண்டியாச்சும்மா”ன்னுட்டேன். சும்மா அவ மனசத் தேத்துறதுக்கு. ஒரு ஆறுதலுக்கு. அதுல என்னா வந்துடப்போவுதுன்னு நெனச்சேன்.

அன்னிக்குன்னு பாருங்க, அவங்க தெருவுக்கே ஒரு மெஷினு வந்திருக்கு. ஆத்தூர்க்காரன் மெஷினு. நாலஞ்சு பேருக்கு அறுத்துட்டு, திரும்பிப் போற வழியில நாயகி வயலுக்கு எதுக்கால நின்னு, “ஒங்களுதையும் முடிச்சுட்டுப் போவட்டுமா, நாளைக்கு மழையாமே”ன்னு கேட்டிருக்கான். இவ என்னா சொல்லியிருக்கா தெரியுமா? “வேணாங்க. எங்க அண்ணன் மெஷினு திருத்துறைப்பூண்டி தாண்டிருச்சு. இப்ப வந்துரும்”னு.

மாப்பிள்ளைதான் ராத்திரி போன்ல சொன்னாரு. “மச்சான், வந்த மெஷின வேணான்னு அனுப்பிட்டா. நான் சொல்லச் சொல்லக் கேக்கல. அண்ணன் வந்து நிக்கிறப்ப வேற ஒருத்தன் அறுத்துக்கிட்டிருந்தா அதுக்கு மனசு கஷ்டப்படும்னு சொல்றா. நீங்க எங்கதான் மச்சான் இருக்கீங்க?”ன்னு.

எவ்வளவு நம்பிக்கை பாருங்க சார் அவளுக்கு எம்மேல. எந்தத் தங்கச்சி இந்தக் காலத்துல இப்படி இருப்பா? ஆனா அவ அப்படிப் பண்ணியிருக்கப்புடாது. நான் அனுப்பச் சொன்னேனா? வந்தவன்கிட்ட அறுத்திருந்தா நான் என்னா கோவிச்சுக்கவா போறேன்? ஒரு வார்த்தை என்னக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே. அவளா ஒண்ண நெனச்சுக்கிட்டு, அவளா அனுப்பிட்டு. இப்ப பழி யாரு மேல? எம்மேல.

இல்ல, அவ பழி ஒண்ணும் சொல்லல. அவ எங்க சொல்லுவா. நானாத்தான் சொல்றேன்.

நேத்துப் புடிச்சுது மழை. விடாம ஊத்துச்சு. மேலவாடில பாதி அறுப்பு அறுத்துப் பாதி நிக்குது. ஏத்தலாம்னு வாய்க்கா கரைக்குக் கொண்டு போனா, கரை கரையா இல்ல, களியா இருக்கு. லாரி பின்னால வந்ததும் டயரு பாதி முழுகிருச்சு. டிராக்டரு வச்சு இழுத்து வெளில போட்டோம். லாரிக்காரன் விட்டா போதும்னு ஓடியே போயிட்டான். வேற மேடு கெடையாது அந்த ஊருல. வெயிலடிச்சு கரை காஞ்சாத்தான் இனி மெஷினு அந்த எடத்த விட்டு அசையும். எத்தன நாளாவுமோ தெரியல. தார்ப்பாயப் போட்டு மூடி வச்சிருக்கேன். கூட வந்த ஆப்பரேட்டரு நிம்மதியா படுத்துத் தூங்குறான். அவனுக்கென்ன.

ரோட்டுலயே ஓட்டிக்கிட்டு வந்துரலாமான்னுகூடப் பாத்தேன் சார். பெல்ட்டு போனாப் போவுதுன்னு. போலீஸ்காரன் விடல. முப்பது மைலு, இந்த எரும வேகத்துல, பஸ்ஸு போற ரோட்டுல எப்படி விடுவான்?

எட்டு மா கதிரும் இந்நேரம் சாஞ்சிருக்கும். இன்னும் ஒரு மழை தாங்குனாத் தாங்கும். அதுக்கு மேல தண்ணில கெடந்தா அப்படியே மொளை விட்டுரும். அந்த நெல்ல யாரு வாங்குவா? நெலத்துக்காரருக்கு எத அளக்குறது?

காலைல பஸ்ஸு ஏறுறப்ப போன் போட்டேன். “நாயகி, கெளம்பிட்டேன், வந்துக்கிட்டே இருக்கேன்”னேன். பொய்யா சார்? வந்துக்கிட்டுதானே இருக்கேன்? மெஷினோட வர்றேன்னு நான் சொல்லல. மெஷினு வருதான்னு அவளும் கேக்கல. “சரிண்ணே, மெதுவா வா, ரோடெல்லாம் தண்ணியாம்”னா. சிரிச்ச மாதிரி இருந்துச்சு கொரலு.

என்னா சொல்லணும்னு மேலவாடிலேருந்து யோசிச்சுக்கிட்டுதான் வர்றேன். ரவூப் பாய் விட்டுட்டுப் போயிட்டாருன்னு சொல்லலாம். அது நெசம். மேலவாடிக்காரனுங்க மடக்கிட்டானுங்கன்னு சொல்லலாம். அதுவும் நெசம். மழைன்னு சொல்லலாம். எல்லாம் நெசந்தான் சார், ஆனா ஒண்ணும் அவ மூஞ்சிக்கு நேரா நிக்காது. நீங்க படிச்சவங்க, ஒங்களுக்கு ஏதாச்சும் தோணுதா? இல்ல, பரவால்ல. ஒங்களுக்கு என்னா தோணும்.

ஆளுங்க வச்சு கையாலயே அறுத்துரலாம்னு சொல்லணும். நானும் கூட எறங்கி அறுக்குறேன்னு சொல்லணும். ஆனா ஆளு ஏது? அருவா புடிக்கிற ஆளு இப்ப எங்க இருக்கு? நானே கதிரருவா புடிச்சுப் பல வருசமாச்சு.

இந்தா, பாலம் தாண்டிருச்சு. அடுத்தது புங்கடிதான். அந்த மாரியம்மங் கோயிலு தெரியுது பாருங்க, அதுக்கு அந்தாண்ட ரோட்டு ஓரமாவே அவ வயலு. தோ, அதுதான். சாஞ்சுதான் கெடக்கு. ஆனா எல்லாம் போயிறல. வடக்கால கொஞ்சம் நிக்குது பாருங்க, அந்த மஞ்சளா தெரியுறது. பாவி, எப்படி வெளைய வச்சிருக்கா.

யாரு அது தண்ணில குனிஞ்சு நிக்குறது?

நாயகிதான். கோணிச் சாக்கத் தலைல போட்டுக்கிட்டு நிக்குறா. அருவா வச்சிருக்கா. கையாலயே அறுக்க ஆரம்பிச்சுட்டாபோலருக்கு, மெஷினு வராதுன்னு தெரிஞ்சுக்கிட்டா, நல்லவேளை, நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல…

இல்ல சார். இல்ல. அவ வயல அறுக்கல.

மூலையில மட்டும் அறுக்குறா. அந்தாண்ட மூலை முடிஞ்சுருச்சு, அறுத்த கதிர அரி அரியா வரப்பு மேல நனையாம வச்சிருக்கா பாருங்க. இப்ப இந்த மூலை. மெஷினு வர்றதுக்கு முன்னாடி நாலு மூலையையும் கையால அறுத்து விடணும் சார். அப்பத்தான் மெஷினு உள்ள எறங்கித் திரும்பும். இல்லன்னா கதிர மிதிச்சுப்புடும். வயக்காரங்கதான் அறுத்து வைக்கணும், அது மொறை. ரோட்டுலேருந்து எறங்குற எடத்துல வரப்பையும் வெட்டிச் சரிச்சு வச்சிருக்கா. என் மெஷினோட அகலம் அவளுக்குத் தெரியும்.

நிமுந்துட்டா. இந்தப் பக்கந்தான் பாக்குறா.

பஸ்ஸப் பாக்கல சார். பஸ்ஸுக்குப் பின்னாடி பாக்குறா, லாரி வருதான்னு. கைய நெத்தில வச்சுக்கிட்டு எட்டி எட்டிப் பாக்குறா.

என்னாப்பா கண்டக்டரு? ஆமா, புங்கடிதான் சொன்னேன். நான் எறங்கல. விசிலு குடு, நீ போ. கோடியக்கரைக்கு ஒரு டிக்கெட்டு போட்டுரு.